கணினிக்கு நேரம் சொல்லும் நெட்டலை

ஒற்றைப் பலகைக் கணினி என்பது செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் எல்லாவற்றையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரே மின்சுற்றுப் பலகையில் கொண்ட முழுமையான கணினியாகும். 2012 பிப்ரவரி 29 அன்று பிரிட்டனில் வெளியான ராஸ்பெர்ரி பை இவ்வகைக் கணினிகளைப் பள்ளிகளுக்கும் பட்டறைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கொண்டுசேர்த்தது. ஆனால் விலையைக் குறைப்பதற்காக அதில் விடப்பட்ட பொருள்களுள் ஒன்று, மின்சாரம் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் காசு அளவுள்ள பேட்டரி ஒன்று அமர்ந்திருப்பது இந்தக் கடிகாரத்துக்காகத்தான். அந்தப் பேட்டரியையும் அதோடு சேர்ந்த சில்லையும் ‘நிகழ்நேரக் கடிகாரம்’ என்பர். மின்னணுத் தொழிலில் இருப்போர் ஆங்கில முதலெழுத்துகளால் ‘ஆர்டிசி’ என்றே சொல்வர். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல்தான் இந்தக் கடிகாரம் முதன்முறையாகப் பலகையிலேயே இடம்பெற்றது. அதிலும் பேட்டரியைத் தனியே வாங்கித்தான் பொருத்த வேண்டும்.

கடிகாரம் இல்லாத கணினி இணையத்தில் இருக்கும்வரை இந்தக் குறை தெரிவதில்லை. இயங்கத் தொடங்கியதும் அது இணையத்திலுள்ள நேரச் சேவையகம் ஒன்றைக் கேட்டுத் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இணையம் இல்லாத இடத்தில், அதாவது காட்டோரத்து வானிலை நிலையத்திலோ, அலைபேசிச் சமிக்ஞை எட்டாத நிலவறையிலோ, பாதுகாப்பு கருதி வெளியுலகத் தொடர்பைத் துண்டித்து வைத்திருக்கும் ஆலையிலோ, அது எந்த நேரத்தில் விழித்தெழுகிறது என்பதே கேள்வி. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளம் இதற்கு ஒரு தற்காலிக ஏற்பாட்டை வைத்திருந்தது: அணையும்போதும் இடையிடையேயும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மறுபடி இயங்கும்போது அந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு மின்சாரம் போய்க் காலை ஆறு மணிக்கு வந்தால், அந்தக் கணினிக்கு அப்போதும் மணி பத்துதான். நேரம் பின்னோக்கிப் போகவில்லை என்ற ஓர் ஆறுதலைத் தவிர இதில் பயன் அதிகம் இல்லை. எட்டு மணி நேரம் பிசகிய வெப்பநிலைப் பதிவு, பதிவே இல்லாமல் போவதைவிடத் தீங்கானது, ஏனெனில் அது பிழை என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.

இணையம் இருந்தாலும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் தன்னை மெய்ப்பிக்க ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழ் குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து குறிப்பிட்ட ஒரு நாள்வரைதான் செல்லும். தன் நாட்காட்டி பல மாதங்கள் பின்தங்கியிருக்கும் கணினி, சரியான சான்றிதழையும் ‘இன்னும் நடைமுறைக்கு வராதது’ என்று தள்ளிவிடும். நேரச் சேவையகங்களின் பதில்களை இடையில் யாரும் திரித்துவிடாதபடி காக்கும் புதிய முறையும் இத்தகைய சான்றிதழ்களையே நம்பியிருப்பதால், சரியான நேரத்தைப் பாதுகாப்பாகப் பெற வேண்டுமானால் ஓரளவு சரியான நேரம் முன்பே கையில் இருக்க வேண்டும் என்ற முடிச்சு விழுகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கும் எளிய வழி, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு வெளிக் கடிகாரச் சில்லைப் பலகையில் இணைத்துவிடுவதே.

அத்தகைய சில்லின் உள்ளம் ஒரு குவார்ட்ஸ் படிகம். இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட நுண்ணிய படிகத் துண்டு, மின்னழுத்தத்துக்கு உட்படும்போது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்பதால், பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். அதை எண்ணுவதுதான் சில்லின் வேலை. குவார்ட்ஸைக் கொண்டு நேரத்தை அளப்பதில் ஜெர்மனிக்கு ஆழ்ந்த பழக்கம் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1927இல் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் உருவான சில ஆண்டுகளிலேயே, பெர்லினில் 1887இல் நிறுவப்பட்ட பேரரசு இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தில் அடோல்ஃப் ஷைபேயும் உடோ அடெல்ஸ்பெர்கரும் மிகத் துல்லியமான குவார்ட்ஸ் கடிகாரங்களை அமைத்தனர். 1930களின் நடுவில் அவற்றைக் கொண்டு அவர்கள் கண்டறிந்தது, பூமியின் சுழற்சியே சீராக இல்லை, ஆண்டின் பருவங்களுக்கேற்ப அது மிகச் சிறிதளவு மாறுகிறது என்பதாகும். மனிதர் அதுவரை நேரத்தின் இறுதி அளவுகோலாகக் கொண்டிருந்த பூமியை ஒரு படிகத் துண்டு சோதித்துப் பார்த்த அந்நிகழ்வு, அளவியல் வரலாற்றில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது.

ஆனால் கடையில் வாங்கும் சில்லின் படிகத்தை அத்தகைய ஆய்வகம் ஒன்றும் சீராட்டுவதில்லை. சாதாரணப் படிகத்தின் பிழை பத்து இலட்சத்தில் இருபது பங்கு என்று வைத்துக்கொண்டால், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதோடு இசைக்கவைப் படிகம் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில்தான் தன் உச்ச வேகத்தில் அதிர்கிறது. வெப்பநிலை அதிலிருந்து இரு பக்கமும் விலக விலக, விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப அதன் வேகம் குறைகிறது. ஜெர்மனியின் பனிக்கால இரவில் தோட்டத்துப் பெட்டிக்குள் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் இருக்கும் கடிகாரம், இந்தக் காரணத்தால் மட்டுமே நாளுக்கு மூன்றரை நொடிக்கு மேல் பின்தங்கும். சென்னையின் மே மாதத்து மொட்டைமாடியில் ஐம்பது பாகை தொடும் பெட்டிக்குள்ளும் அது பின்தங்கவே செய்யும், முந்தி ஓடாது. இதனால்தான் இத்துறையில் இருப்போர் டிஎஸ்3231 என்ற சில்லை விரும்பித் தேர்கின்றனர். அதன் உறைக்குள்ளேயே படிகமும் வெப்பமானியும் சேர்ந்திருக்கின்றன. வெப்பநிலையை அவ்வப்போது அளந்து, அதிர்வைத் தானே சரிசெய்துகொள்கிறது. பூச்சியத்திலிருந்து 40 பாகை வரை அதன் பிழை பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்குள் அடங்கும், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இணைப்பதற்கு நான்கு கம்பிகள் போதும்: மின்னழுத்தம், தரை, தரவு, துடிப்பு. கடைசி இரண்டும் ‘ஐ-டூ-சி’ எனப்படும் இருகம்பித் தொடர்பு முறைக்குரியவை. பல சில்லுகள் இதே இரு கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. டிஎஸ்3231இன் முகவரி பதினாறடிமான எண்முறையில் 68. ராஸ்பெர்ரி பையின் நாற்பது ஊசி வரிசையில் முதலாம் ஊசி 3.3 வோல்ட், மூன்றாவது தரவு, ஐந்தாவது துடிப்பு, ஆறாவது தரை. முதல் ஊசிக்கு நேர் எதிரே இருக்கும் இரண்டாம் ஊசியில் 5 வோல்ட் வருகிறது. கம்பியைத் தவறிப்போய் அதில் செருகினால், தரவுக் கம்பிகளிலும் 5 வோல்ட் ஏறி, 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத செயலியைச் சேதப்படுத்தலாம். கம்பிகளைச் செருகிய பின், இருகம்பித் தொடர்பை அமைப்புப் பட்டியலில் இயக்கிவிட்டு, தொடக்க அமைவுக் கோப்பில் இந்தச் சில்லைக் குறிப்பிடும் ஒற்றை வரியைச் சேர்த்து, முன்சொன்ன தற்காலிகக் கோப்பு ஏற்பாட்டை நீக்கி, சரியான நேரத்தை ஒருமுறை சில்லில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

மலிவாகக் கிடைக்கும் சிறு தகடு ஒன்றைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நீல நிறத்தில், பின்புறம் பேட்டரிக் கூண்டோடு, இசட்எஸ்-042 என்று அச்சிடப்பட்டு விற்கப்படும் தகட்டில் ஒரு டயோடும் ஒரு மின்தடையும் சேர்ந்து பேட்டரியை மின்னேற்றம் செய்யும் சுற்றாக அமைந்திருக்கின்றன. கூண்டில் இருப்பது மின்னேற்றத்தக்க பேட்டரியாக இருந்தால் அது சரி. ஆனால் பெரும்பாலோர் அதில் இடுவது மின்னேற்றக் கூடாத சிஆர்2032 பட்டன் பேட்டரி. 5 வோல்ட் தரப்படும்போது அந்தச் சுற்று அதற்குள்ளும் மின்னைத் தள்ளும். பேட்டரி வீங்கலாம், கசியலாம். 3.3 வோல்ட்டில் இயக்கினால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்றாலும், அந்த மின்தடையைச் சாலிடர் இரும்பால் உருக்கி எடுத்துவிடுவதே நல்லது. மைக்ரோ ஆம்பியர் அளவிலேயே மின்னை உண்ணும் இச்சில்லுக்குப் பட்டன் பேட்டரி எந்த மின்னேற்றமும் இல்லாமல் பல ஆண்டுகள் வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. சில்லு நேரத்தை வைத்திருக்கும், ஆனால் நேரத்தை அறியாது. ஆண்டுக்கு ஒரு நிமிடம் பிசகும் கடிகாரத்தை யாரேனும் அவ்வப்போது திருத்தியாக வேண்டும். இணையம் எட்டாத இடத்தில் அந்தத் திருத்தம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஜெர்மனி தன் மக்கள் அனைவருக்குமாக வைத்திருக்கும் விடைதான் இந்தக் கட்டுரையின் மையப் பொருள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தென்கிழக்கே, மைன் ஆற்றங்கரை ஊரான மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நெட்டலை வானொலிச் சமிக்ஞை ஒன்று இரவும் பகலும் ஒலிபரப்பாகிறது. அதன் அழைப்புக்குறி டிசிஎஃப்77. சிற்றலையையும் மத்திய அலையையும் அறிந்த தமிழ் வானொலி நேயர்களுக்கு நெட்டலை அவ்வளவு பழக்கமில்லாதது: ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் அலைநீளம் கொண்ட இந்த அலை நிலத்தைத் தழுவிச் செல்வதால், 50 கிலோவாட் திறனுள்ள ஒரே நிலையத்தின் குரல் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கிறது, வீட்டுச் சுவர்களையும் ஊடுருவிச் செல்கிறது.

இந்நிலையம் 1959 முதல் நேரத்தை ஒலிபரப்புகிறது. 1973 முதல் அச்சமிக்ஞையில் நாளும் மணியும் முழுமையாகக் குறியிடப்பட்டு வருகின்றன. அந்த நேரத்துக்குப் பொறுப்பு பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள இயற்பியல்-தொழில்நுட்பக் கூட்டாட்சி நிறுவனம். பெர்லின் நிறுவனத்தின் மரபில் வந்த இதைச் சுருக்கமாக பி.டி.பி. என்பர். நாட்டின் சட்டப்படியான நேரத்தைக் கணித்து அறிவிக்கும் கடமையை 1978இன் நேரச் சட்டம் இந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது, பி.டி.பி.யின் சீசியம் அணுக்கடிகாரங்களுள் சிஎஸ்1 என்ற முதற்கடிகாரம் 1969 முதலே நொடியை வழங்கி வந்தது. நேரத்தைச் சட்டத்தின் பொருளாகக் கருதும் பழக்கம் அங்கே அதற்கும் முந்தையது. ஊருக்கு ஒரு நேரம் என்றிருந்த நிலையை மாற்ற வேண்டும் என்று முதிய படைத்தளபதி மோல்ட்கே 1891 மார்ச்சில் பேரரசு மன்றத்தில் வாதிட்டார்; 1893 ஏப்ரல் 1 முதல், கோர்லிட்ஸ் நகர் வழியே செல்லும் 15ஆம் பாகைத் தீர்க்கரேகையின் நேரம் நாடு முழுமைக்கும் பொதுவானது. அதே காலத்தில் இந்திய இரயில்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றி ஓடிக்கொண்டிருந்தன என்பதும், இந்தியச் சீர்நேரம் 1906இல்தான் வந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

டிசிஎஃப்77 பேசும் விதம் வியக்கத்தக்க அளவு எளிமையானது. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை சட்டென்று குறைந்து மீள்கிறது. குறைவு பத்தில் ஒரு நொடி நீடித்தால் அது சுழி, பத்தில் இரண்டு நொடி நீடித்தால் அது ஒன்று. ஐம்பத்தொன்பதாம் நொடியில் மட்டும் குறைவு நிகழாது. அந்த மௌனமே அடுத்த நிமிடம் பிறக்கப்போவதற்கான அறிவிப்பு. இருபதாம் நொடியில் எப்போதும் ‘ஒன்று’ வந்து, நேரச் செய்தி தொடங்குகிறது என்று சொல்லும். அதன்பின் ஏழு நொடிகள் நிமிடத்துக்குரியவை. அவற்றின் மதிப்புகள் முறையே 1, 2, 4, 8, 10, 20, 40. நிமிடம் 37 என்றால், ஏழுக்காக 1, 2, 4 மூன்றும், முப்பதுக்காக 10, 20 இரண்டும் எழுந்து நிற்க வேண்டும்: நெடில், நெடில், நெடில், குறில், நெடில், நெடில், குறில். எழுந்து நிற்கும் ‘ஒன்று’கள் ஐந்து. அவற்றின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதியாதலால், இருபத்தெட்டாம் நொடியில் சரிபார்ப்புக்காக இன்னொரு நெடில் சேர்ந்து ஆறாகிறது. மணியும் தேதியும் கிழமையும் மாதமும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் இதே போக்கில் தொடர்கின்றன. அனுப்பப்படுவது நடந்துகொண்டிருக்கும் நிமிடம் அன்று, வரப்போகும் நிமிடம்; செய்தியை முழுதும் வாங்கி முடித்த கணத்திலேயே கடிகாரத்தைத் திருத்திவிடலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இதை வாங்கும் கருவி விரல் நீளத்து ஃபெரைட் தண்டில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய ஆண்டெனாவும், அதன் அருகே நகத்தளவு பலகையும்தான். ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப்பகுதியின் ஷ்ராம்பெர்கிலுள்ள யுங்ஹான்ஸ் நிறுவனம் 1990இல் இதைக் கைக்கடிகாரத்துக்குள்ளேயே அடக்கிவிட்டது. ஜெர்மனியில் சுவர்க் கடிகாரம் முதல் எழுப்புமணி வரை இன்று தானாகவே திருத்திக்கொள்வது இந்தச் சமிக்ஞையால்தான். ஒற்றைப் பலகைக் கணினியில் அதன் வெளியீட்டுக் கம்பியை ஒரு பொது ஊசியில் இணைத்து, துடிப்பின் நீளத்தை அளக்கும் நிரலை ஓடவிட்டால் போதும். இடத்தைத் தேர்வதில்தான் திறமை வேண்டும். தண்டின் நுனி மைன்ஃப்ளிங்கனை நோக்கக் கூடாது. அதன் பக்கவாட்டு அத்திசையை நோக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கணினியும் அதன் மின்னேற்றியும் திரையும் இதே அதிர்வெண்ணைச் சுற்றி மின்னிரைச்சல் எழுப்புவதால், ஆண்டெனாவைப் பலகையோடு ஒட்டிவைத்தால் எதுவும் கேட்காது. ஒரு மீட்டரோ அதற்கு மேலோ கம்பியை நீட்டித் தள்ளி வைப்பதே பழகியவர்களின் வழக்கம். ஒற்றைச் சரிபார்ப்புக் குறி இரட்டைப் பிழையைக் கண்டுபிடிக்காது என்பதால், நல்ல நிரல் ஒரு நிமிடத்தை நம்பிவிடாமல், அடுத்தடுத்த நிமிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே கடிகாரத்தைத் தொடும். பகலில் அருகிலுள்ள கருவிகளின் இரைச்சலால் பலமுறை தோற்றாலும், இரவில் ஒருமுறை சரியாகக் கேட்டுவிட்டால் மீதி நேரத்தைக் குவார்ட்ஸ் பார்த்துக்கொள்ளும். சேர்த்துவைக்கும் கடிகாரமும் திருத்தும் குரலும் ஒன்றையொன்று தாங்குவது இவ்வாறுதான். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவடைவது சரியன்று.

கோடைக்கால நேரம் தனியே கவனம் கோருவது. 1980 முதல் ஜெர்மனியில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாற்றப்படுகிறது. அக்டோபரின் கடைசி ஞாயிறு விடியற்காலையில் இரண்டிலிருந்து மூன்று மணிவரையுள்ள நேரம் இருமுறை வருகிறது. சில்லில் உள்ளூர் நேரத்தை எழுதிவைத்தவரின் பதிவேட்டில் அன்று இரண்டரை மணி இரண்டு இருக்கும், எது முந்தியது என்று அறிய வழியிராது. ஆகவே சில்லில் உலகப் பொதுநேரத்தையே வைத்து, உள்ளூர் நேரத்தைத் திரையில் காட்டும்போது மட்டும் மாற்றிக்கொள்வதே முறை. டிசிஎஃப்77 உள்ளூர் நேரத்தை அனுப்பினாலும், நடப்பது கோடைநேரமா அன்றா என்பதை இரு நொடிகளில் சொல்லிவிடுகிறது. மாற்றம் வருவதை ஒரு மணி நேரம் முன்பே இன்னொரு நொடியில் எச்சரிக்கவும் செய்கிறது.

இந்த ஏற்பாட்டின் உண்மையான மதிப்பு துல்லியத்தில் இல்லை. இணைய நேரமும் செயற்கைக்கோள் நேரமும் துல்லியத்தில் இதைவிடக் குறைந்தவை அல்ல. மதிப்பு, கேட்பவர் எவரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை, ஒரு கணினி நேரம் கேட்டது என்ற தடயம் எங்கும் பதிவாவதில்லை. பாட் பிர்மோன்ட் நகரில் 1979இல் தொடங்கப்பட்ட மைன்பெர்க் நிறுவனம் போன்றவை ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் நேரக் கருவிகள் செய்வதை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுக்க முடிந்தது, அரசு நேரத்தைக் குடிநீர் போலப் பொதுவில் திறந்து வைத்ததனால்தான். பொது நேரம் இல்லாதபோது நேர்வது என்ன என்பதை 2018 மார்ச் காட்டியது: செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான மின்தகராறில் ஐரோப்பியக் கண்டத்து மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கு மயிரிழை கீழே பல வாரங்கள் நீடித்தபோது, மின்கம்பியின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் ஜெர்மானியச் சமையலறை அடுப்புகளின் கடிகாரங்கள் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கின. அதே சமையலறைகளின் சுவரில் தொங்கிய வானொலிக் கடிகாரங்கள் பிசகவில்லை. ஆயினும் டிசிஎஃப்77இன் குரலில் அனுப்பியவரின் கையொப்பம் இல்லை என்பதால், அருகிலிருந்து வலிய ஒரு போலிச் சமிக்ஞையை யாரேனும் எழுப்பினால் ஏமாறும் வாய்ப்பு உண்டு. இதனாலும் உள்ளே ஒரு நிலையான கடிகாரம் தேவையாகிறது: பி.டி.பி. இணையவழி வழங்கும் நேரத்தோடும் வானொலி நேரத்தோடும் ஒப்பிட்டு, திடீரெனச் சில மணி நேரம் தாவச் சொல்லும் எந்தக் குரலையும் மறுக்கும் துணிவு அதனிடம்தான் இருக்க முடியும். ஸ்டுட்கார்ட் அருகே டெங்கென்டோர்ஃபில் உள்ள குன்புஸ் நிறுவனம், ராஸ்பெர்ரி பையின் உட்கருவைத் தொழிற்சாலைப் பெட்டிக்குள் வைத்துச் செய்யும் ரெவல்யூஷன் பை கருவியில் நேரக் கடிகாரத்தைச் சேர்த்தே தருகிறது. பேட்டரிக்குப் பதிலாக மின்தேக்கி ஒன்று, மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல், ஒரு நாளளவு மின்தடையைத் தாங்குகிறது.

தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ இதைச் செய்ய முனைவோருக்கு மைன்ஃப்ளிங்கனின் குரல் கேட்காது. அவர்களுக்கு அதன் இடத்தை நிரப்பக்கூடியது, திறந்த வானத்தின்கீழ் வைக்கப்படும் செயற்கைக்கோள் வாங்கி. இணையம் உள்ள இந்திய இடங்களில் சீர்நேரத்துக்குப் பொறுப்பான புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகம் உதவும். கடிகாரச் சில்லைப் பொருத்தும் முறையில் மாற்றம் ஏதுமில்லை. வெப்பம் மிகுந்த நாட்டில் வெப்பநிலைத் திருத்தமுள்ள சில்லைத் தேர்வதன் அவசியம் கூடுகிறது, அவ்வளவே.

எந்த நாட்டிலும் பயனாகும் ஒரு நுட்பத்தை டிஎஸ்3231 தன் நிலைப் பதிவேட்டின் மேல்முனைக் குறியில் வைத்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தோ கழற்றப்பட்டோ படிகம் ஒரு கணமேனும் நின்றிருந்தால், அந்தக் குறி ‘ஒன்று’ ஆகிவிடும். யாரேனும் புதிதாக நேரத்தை எழுதி அதை அழிக்கும்வரை அப்படியே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் இயக்கி, இக்குறி எழுந்திருக்கக் கண்டால், சில்லில் ஏதோ ஒரு தேதி இருந்தாலும் அதைத் தர மறுத்துவிடுகிறது. பதிவுகளைச் சேகரிக்கும் நிரல் எழுதுவோர் இந்த மறுப்பைப் பிழைச்செய்தி என்று கடந்துபோகாமல், அன்றைய பதிவுகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘நேரம் உறுதிசெய்யப்படவில்லை’ என்று குறித்துவைத்து, வானொலியோ செயற்கைக்கோளோ சரியான நேரத்தைச் சொன்ன பிறகு, இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த நொடிகளைக் கணக்கிட்டு அவற்றைப் பின்னோக்கித் திருத்திக்கொள்ள வேண்டும்.